மெழுகுவர்த்தியில் ஓடும் டப் டப் படகு
(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



தேர்த் திருவிழாக் கடையில் பார்த்திருப்பீங்க. அகலமான ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் சின்னத் தகரப் படகு ஒன்றை ஓட விட்டிருப்பாங்க. 'டப் டப் டப் டப்' என்று சத்தம் போட்டுக்கிட்டே அது வட்டமா சுத்தி வரும். அதுக்குச் சாவி கிடையாது, பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. தூக்கித் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ரெண்டு சின்னக் குழாய் மட்டும் தெரியும். உள்ளே திரி போட்ட குட்டி விளக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

இது எப்படி ஓடுகிறது என்று எங்க வகுப்பில் கேட்டேன். நிறையப் பேர் சொன்ன பதில், "நீராவி பின்னாடி வருது, அதான் படகு முன்னாடி போகுது." கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா இது பாதிப் பதில்தான். இந்தப் பாதிப் பதிலை நம்பித்தான் எங்க தெருப் பசங்க ரெண்டு பேர், மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீரை ஊற்றி, ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, அடியில் நெருப்பு வைத்துப் படகு விடப் போறோம்னு கிளம்பினாங்க. நல்ல வேளை, எங்க பாட்டி பார்த்துட்டு டப்பாவைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. அது ஏன் ஆபத்து, திருவிழாப் படகு ஏன் ஆபத்து இல்லை என்பது உள்ளே நடப்பதைப் புரிஞ்சுக்கிட்டா தெரிஞ்சிடும். அதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது? விளக்குக்கு மேலே மெல்லிய தகட்டில் செய்த ஒரு குட்டிப் பெட்டி. அதுதான் கொதிகலன். நம்ம கைக்கடிகாரம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ரெண்டு குழாய் கிளம்பி, படகின் பின்புறம் தண்ணீருக்குள் திறந்திருக்கும். அடைப்பு, வால்வு, மூடி எதுவும் கிடையாது. ஓட விடுவதற்கு முன்னால் குழாயிலும் பெட்டியிலும் தண்ணீர் நிரப்பணும். இதை மறந்தால் படகு ஓடவே ஓடாது.

விளக்கு ஏற்றியதும் பெட்டியில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று கொதித்து நீராவி ஆகும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். பெட்டிக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால் ஆவி, குழாயில் நிற்கும் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. கவனிங்க, வெளியே பாய்வது தண்ணீர்தான், ஆவி இல்லை. ஆவி குழாயின் பாதிக்கு வரும்போதே அங்கே குழாய் குளிர்ச்சியா இருக்கிறதால, அது திரும்பவும் தண்ணீராகிச் சுருங்கிடும். 1,600 மடங்கு விரிந்தது மறுபடியும் ஒரு சொட்டு. உள்ளே அழுத்தம் குறைஞ்சு போகும். வெளியே இருக்கும் காற்றழுத்தம் சும்மா இருக்குமா? குளத்துத் தண்ணீரை குழாய் வழியா உள்ளே தள்ளும். உள்ளே போன தண்ணீர் சூடான பெட்டியைத் தொடும், மறுபடி ஆவியாகும், மறுபடி தள்ளும். ஒரு விநாடியில் பல தடவை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் பெட்டியின் மெல்லிய மேல்தகடு உப்பி அடங்குது பாருங்க, அந்தத் தகடு போடும் சத்தம்தான் 'டப் டப்'.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. ஓடுகிற படகின் பின்னால் குழாய் வாயருகே ஒரு சொட்டு மை விடுங்க. மை விட்டு விட்டுப் பின்னால் பாயும். ஆவி வெளியே வந்தால் நீர்க்குமிழி தொடர்ந்து வரணும் இல்லையா? ஆரம்பத்தில் சிக்கியிருந்த காற்று ரெண்டு மூணு குமிழியாக வரும். அப்புறம் குமிழியே இல்லை.

இப்போதான் உண்மையான சந்தேகம் வருது. எங்க வகுப்பில் ரொம்ப நேரம் வாக்குவாதம் ஆன இடம் இதுதான். எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறதோ அவ்வளவு தண்ணீர் உள்ளேயும் வருது. வெளியே தள்ளும்போது படகு முன்னாடி போனால், உள்ளே இழுக்கும்போது பின்னாடி வரணுமே? கடைசியில் நின்ன இடத்திலேயே ஆடிக்கிட்டுத்தானே இருக்கணும்? என் தோழி ஒருத்தி இதைக் கேட்டதும் யாருக்கும் பதில் வரலை. ரொம்ப நல்ல கேள்வி.

பதிலைக் கண்ணால் பார்க்க ஒரு ஸ்ட்ராவும் கொஞ்சம் காகிதத் துணுக்கும் போதும். மேசையில் துணுக்குகளைப் பரப்புங்க. ஸ்ட்ராவால் ஊதினால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிற துணுக்கும் பறக்கும். அதே ஸ்ட்ராவால் அதே வேகத்தில் காற்றை உறிஞ்சுங்க. ஸ்ட்ரா வாயருகில் இருக்கிற ஒண்ணு ரெண்டுதான் அசையும். ஏன் இந்த வித்தியாசம்? ஊதும்போது காற்று அம்பு மாதிரி ஒரே திசையில் நேராகப் போகிறது. உறிஞ்சும்போது மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாப் பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமா வருது. படகிலும் அதே கதைதான். வெளியே போகும் தண்ணீர் எல்லாம் ஒரே திசையில் பின்னோக்கிப் பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி படகுக்கு முன்னோக்கி ஒரு தள்ளு கிடைக்கும். உள்ளே வரும் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் வருது, வந்த வேகமும் குழாய்க்குள்ளேயே மோதித் தீர்ந்து போகிறது. அதனால் பின்னோக்கி இழுப்பு அநேகமாக இல்லை. மொத்தத்தில் முன்னாடி போவதுதான் ஜெயிக்கிறது. படகை உற்றுப் பார்த்தால் வழுக்கிக்கிட்டுப் போகாது, சின்னச் சின்னத் தள்ளாக, துடிச்சுத் துடிச்சுத்தான் போகும்.

இந்தப் பொம்மைக்கு 1891-இல் இங்கிலாந்தில் தாமஸ் பியோ என்பவர் காப்புரிமை வாங்கினார். சத்தம் போடும் தகடு வைத்த மாதிரி அமெரிக்காவில் சார்லஸ் மெக்ஹியூ என்பவருடையது, 1915. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்ம ஊர் திருவிழாக் கடை வரைக்கும் அது ஓடி வந்திருக்கு! இன்னொன்று. நீராவி குளிர்ந்து சுருங்கும்போது காற்றழுத்தம் வேலை செய்யும் என்ற தந்திரம் அதை விடப் பழசு. 1712-இல் தாமஸ் நியூகோமன் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கச் செய்த இயந்திரம் அப்படித்தான் வேலை செய்தது. உருளைக்குள் ஆவியை விட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துச் சுருக்குவார்கள். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். வீடு உயரத்துக்கு இருந்த அந்த இயந்திரத்துக்கும் இந்தப் படகுக்கும் உறவு இருக்கு.

சரி, இனி நாமே செய்யலாம். தகட்டுப் பெட்டி செய்வது கஷ்டம், பற்றவைப்பு சரியா இல்லைன்னா ஒழுகும். அதனால் நான் சொல்வது சுருள் குழாய்ப் படகு. இதில் பெட்டியே கிடையாது, குழாயின் நடுவில் இருக்கும் சுருள்தான் கொதிகலன். டப் டப் சத்தம் அவ்வளவா வராது. ஆனா ஓட்டம் நிச்சயம்.

தேவையானவை: 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தாமிரக் குழாய் ஒன்றேகால் அடி, ஒரு அங்குலக் கனத்தில் தெர்மாகோல், பழைய தகரத் துண்டு, எம்-சீல், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. எங்க மாமா பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர், அவர்கிட்ட மிச்சம் கிடந்த குழாயைத்தான் நான் வாங்கினேன். உங்க ஊரிலும் அப்படிப்பட்ட கடையில் கேட்டுப் பாருங்க.

குழாயை அப்படியே வளைத்தால் மடங்கி அடைச்சுக்கும். அதுக்கு மாமா ஒரு வழி சொன்னார். சலித்த, நல்லாக் காய்ந்த மணலைக் குழாய்க்குள் நிரப்பி ரெண்டு முனையையும் டேப் போட்டு அடைச்சிடணும். அப்புறம் பென்டார்ச் பேட்டரி மேல் வைத்து, நடுவில் மூணு சுற்று மெதுவாகச் சுற்றணும். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. சுற்றி முடித்ததும் டேப்பை எடுத்துத் தட்டித் தட்டி மணலைக் கொட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, ஊதிப் பார்க்கணும். மறுமுனையில் காற்று தடையில்லாமல் வரணும். ஒரு மணல் சிக்கியிருந்தாலும் விடாதீங்க, திரும்பக் கழுவுங்க. சுருளுக்கு ரெண்டு பக்கமும் நாலு அங்குலத்துக்கு மேல் கால் மாதிரி குழாய் மிச்சம் இருக்கும்.

தெர்மாகோலை எட்டு அங்குல நீளம், மூணு அங்குல அகலத்துக்குப் படகு மாதிரி வெட்டுங்க. முன்பக்கம் கூராக இருக்கட்டும். பாதிக்குக் கொஞ்சம் பின்னால் ரெண்டு ஓட்டை போட்டு, குழாயின் ரெண்டு காலையும் மேலிருந்து கீழே விட்டு, படகின் அடியில் பின்பக்கமாக வளைச்சுக்கணும். ரெண்டு வாயும் ஒரே மட்டத்தில், நேர் பின்னால் பார்க்கணும், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கணும். ஓட்டையைச் சுற்றி எம்-சீல். தெர்மாகோல் சூட்டில் உருகும், பற்றிக்கவும் செய்யும். அதனால் சுருளுக்கும் மெழுகுவர்த்திக்கும் கீழே தகரத் துண்டை வைக்க மறக்கக் கூடாது. மெழுகுவர்த்தியின் சுடர் நுனி சுருளைத் தொடுகிற உயரம் சரியான உயரம். நல்லெண்ணெய்த் திரியும் போடலாம், ஆனா கரி பிடிச்சு சூடு குறையும்.

தண்ணீர் நிரப்புவது எளிது. படகைத் தண்ணீரில் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு வாயில் தண்ணீரைச் செலுத்துங்க. மறு வாயில் குமிழி வருவது நின்றால் நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். குழாய் சூடா இருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றினால் ஒரு நிமிஷத்துக்குள் கிளம்பும். கிளம்பாவிட்டால் பின்னால் விரலை வைத்துப் பாருங்க. தண்ணீர் துடிப்பது தெரிஞ்சா என்ஜின் வேலை செய்கிறது, படகுதான் கனமா இருக்கு. துடிப்பே இல்லையா? ஒன்று உள்ளே காற்று இருக்கு, இல்லையென்றால் சுடர் எட்டலை. படகு ஒரே பக்கமா வட்டமடித்தால் குழாய் வாய் கோணலா இருக்கு. சட்டியில் விடுவதற்கு அதுவே வசதி, திருவிழாக் கடைக்காரர் வேணும்னே அப்படி வளைச்சு வைப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாட்டி பிடுங்கிய டப்பாவுக்கு வருவோம். நம்ம படகில் ரெண்டு குழாயும் திறந்தே இருக்கு. அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே தண்ணீர் வெளியே போய் அழுத்தம் இறங்கிடும். மூடின டப்பாவில் அந்த ஆணி ஓட்டை ஒன்றுதான் வழி. துருவோ தூசியோ அதை அடைச்சுக்கிட்டா ஆவி போக இடமில்லை. டப்பா வெடிக்கும், கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். குக்கரில்கூட விசில் போக, அது அடைச்சுக்கிட்டா உருகி வழிவிட இன்னொரு சின்ன வால்வு வைத்திருக்காங்க. டப்பாவில் என்ன இருக்கு? அதனால் தம்பிகளா, மூடின எதிலும் தண்ணீர் ஊற்றிச் சூடாக்காதீங்க. நம்ம சுருள் குழாயின் வாயையும் விளையாட்டுக்குக்கூட அடைக்காதீங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். தாவணி, துப்பட்டா, பின்னல் எல்லாம் சுடரில் படாம ஒதுக்கிக்கணும். பெரியவங்க யாராவது பக்கத்தில் இருக்கணும்.

ஒரு படகு ஓட ஆரம்பிச்சதும் இன்னொன்று செய்யத் தோணும். நான் அடுத்ததாகக் கால் குழாயை ரெண்டு மடங்கு நீளமாக வைத்துச் செய்து கொண்டிருக்கிறேன். நீளம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும், அதனால் துடிப்பு மெதுவாகணும். படகு வேகம் கூடுமா குறையுமா? எங்க வகுப்பில் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிற்கிறாங்க. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், டீச்சர் முன்னிலையில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ரெண்டு படகையும் ஒண்ணா விடுகிறோம். மை பாட்டில் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாங்க.