காலடியில் ஒளிந்திருக்கும் துரு

தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு லேண்ட் ரோவர் என்றால் துரையின் வண்டி. தைப்பிங்கில் லாருட் மலைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றதும் அதுதான். இன்று அதை ஆசையாக வாங்கும் இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டியது பளபளக்கும் சாயத்தை அல்ல, காலடித் தரையை.

1948இல் இவ்வண்டி அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் வெளித்தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. ஆனால் சேசிஸும் ஓட்டுநர் கால் வைக்கும் குழியும் எஃகுதான். மழைக்குப் பேர்போன கமுந்திங் வட்டாரத்தில், ஈரக் கால்மிதிக்கு அடியில் அது சத்தமின்றி அரித்துப்போகும்.

மிதியைத் தூக்கி, ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று இறங்கினால் மேலே ஃபைபர் பூசி மறைக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் தொடர்ந்து அரிக்கும். நல்ல எஃகு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்து, இருபுறமும் துருத்தடுப்புச் சாயம் அடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பழைய குட்டை ரகங்களில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல், பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் பட்டறையில் தீப்பொறி பறக்கவே கூடாது. தாத்தா காலத்து வண்டியைவிட வீட்டுப் பிள்ளையின் உயிர் பெரிது.