சம்பளத்துக்கு லொறி ஓட்டலாமா?

அறுவடைக் காலத்தில் சவளக்கடைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால் போதும், நாவிதன்வெளியின் வருமானம் எதில் ஏறிப் போகிறது என்று தெரிந்துவிடும். நெல்லும் அரிசியும் லொறியில் போகின்றன. மாவும் சீனியும் சீமெந்தும் லொறியில் வருகின்றன. அந்த லொறிகளை ஓட்டும் பொடியன்மார் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "காக்கா, கொழும்பில் ஒரு கம்பனி ட்றைவர் வேலைக்குக் கூப்பிடுது. மாதச் சம்பளம். போகவா, இஞ்சையே முதலாளிட லொறிய ஓட்டவா?" இன்னும் சிலர், "லீசிங்கில சொந்தமா ஒரு லொறி எடுத்தால் என்ன?" என்கிறார்கள்.

இது சாரதிமாரின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நமது கடைக்குச் சாமான் வந்து சேர்வது அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களில் பலர் நமது மகன்மாரும் மருமகன்மாரும்தான். லொறி வைத்திருக்கும் வியாபாரிக்கோ, நல்ல சாரதி கம்பனிக்குப் போய்விட்டால் லொறி முற்றத்தில் நிற்கும்.

கையில் வரும் காசை மட்டும் பார்த்தால் ஊர் லொறிதான் வெல்லும். நமது பக்கத்தில் பெரும்பாலும் ட்ரிப் கணக்கு. பெரும்போக அறுவடையில் ஓய்வில்லாமல் ஓடுகிற பொடியன், கம்பனிச் சாரதி கண்ணால் காணாத காசை அந்த இரண்டு மாதத்தில் எண்ணுவான். ஆனால் வருடத்துக்கு மாதம் பன்னிரண்டு. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகும் பாதையே அடைபட்டுவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் மண்சரிவில் மூடப்பட்டன. லொறி ஓடாத நாளில் ட்ரிப் காசும் இல்லை. மாதச் சம்பளக்காரனுக்கு அந்த மாதமும் ஒரு மாதம்தான்.

கம்பனி வேலையின் பெரிய இலாபம் சம்பளச் சீட்டில் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாம் ஈ.பி.எப். என்று சொல்வதற்கு, ஊழியனிடம் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஈ.ரி.எப். என்னும் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். 60,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ஒன்றிலும் 1,800 மற்றதிலும் சேரும். பத்து வருடத்தில் 16 இலட்சத்து 56 ஆயிரம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவனுக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அது ஒரு 3 இலட்சம். மொத்தம் 19 இலட்சத்து 56 ஆயிரம். (இந்தக் கணக்கில் வட்டியை நான் சேர்க்கவில்லை. அதைப் பற்றிய சந்தேகத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஈ.பி.எப். பணத்தை ஆண்கள் 55 வயதில் எடுக்கலாம். 10 வருடம் பங்களித்து, கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே பெற வழி இருக்கிறது.

இங்கேதான் பொடியன்மார் ஏமாறுகிறார்கள். "எல்லாம் சேர்த்து 60,000 வரும்" என்று வாயால் சொல்வார்கள். நியமனக் கடிதத்தைப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் ட்ரிப் கொடுப்பனவும் சாப்பாட்டுக் காசும். 30,000 என்பது 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம். ஈ.பி.எப்.பையும் பணிக்கொடையையும் அந்த 30,000க்கே கணக்குப் பார்த்தால், மேலே சொன்ன தொகை 9 இலட்சத்து 78 ஆயிரமாகச் சரிபாதியில் வந்து நிற்கும். ஆகவே எவ்வளவு சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தொகைக்கு ஈ.பி.எப். கட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். வெட்கப்படத் தேவையில்லை. அது அவனுடைய காசு.

கம்பனி கொடுப்பதைச் சொன்னேன். எடுப்பதையும் சொல்ல வேண்டும். டீசலை லீற்றர் கணக்கில் அளந்து கொடுப்பார்கள், கூடச் செலவானால் விளக்கம் கேட்பார்கள். ஏற்றிய சாமானில் குறைவு வந்தால் சம்பளத்தில் கை வைக்கும் இடங்களும் உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று தனியான சம்பளச் சபை இருக்கிறது, முதலாளி தன் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது. அநியாயம் நடந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். இன்னொன்று, நமது பிள்ளைகள் சேரும் முன்பே கேட்க வேண்டியது: லொறியில் என்ன ஏற்றுவார்கள்? விநியோகக் கம்பனி என்றால் பிஸ்கட்டும் இருக்கும், பியரும் இருக்கும். சேர்ந்து மூன்று மாதத்துக்குப் பிறகு "நான் இதை ஏற்ற மாட்டேன்" என்றால் வேலை போகும். பயணத்தில் ஜம்உ, கஸ்ருக்குச் சலுகை உண்டு. ஆனால் டிப்போவில் நிற்கும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு விடுவார்களா என்பதையும் அதே நாளில் பேசி முடிப்பது நல்லது.

நித்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் லொறிச் சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம்தான் சாதாரண அளவு. அமெரிக்காவில் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? பின்னேரம் வரை பொடியனை மூட்டை ஏற்ற வைத்து, மஃரிபுக்குப் பிறகு "விடிய முன் புறக்கோட்டையில் நிற்க வேணும்" என்று அனுப்புகிறோம். மஹியங்கனைக்கு அப்பால் அந்தப் பதினெட்டு வளைவில், பாரம் ஏற்றிய லொறியில், நடுச்சாமத்தில், நித்திரைக் கண்ணோடு ஏறுகிறவன் ஒரு வாப்பாவுடைய பிள்ளை. ஒழுங்கான கம்பனி என்றால் தூர ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதியைத் தரும், அல்லது இடையில் தங்க வைக்கும். தராத கம்பனி நம்மைப் போன்றதுதான், பெயர்ப்பலகை மட்டும் பெரிது.

விபத்து நடந்தால்? எனக்குத் தெரிந்த ஒரு சாரதிக்குச் சாமான் இறக்கும்போது கால் முறிந்தது. லொறிச் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஒரு மாதம் வீட்டுச் செலவு கொடுத்தார். அடுத்த மாதம் சாவி இன்னொருவர் கையில். மூன்றாம் தரப்புக் காப்புறுதி வீதியில் போகிறவருக்குத்தான், சாரதியின் காலுக்கு அல்ல. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தப் பொடியனுக்கு உரிமை இருந்தது. அது அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

இனி சொந்த லொறி. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தவணை, மழையையும் பார்க்காது பெருநாளையும் பார்க்காது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. அதன் பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். அந்த 50 லீற்றரில் பாரத்தோடு கொழும்புக்குப் போனாலும் திரும்பி வர முடியாது. தவணையைப் பிற்போட்டார்கள் என்பது உண்மை, ஆனால் பிற்போட்ட தவணை மன்னித்த தவணை அல்ல. லீசிங் முடியும் வரை லொறி கம்பனியின் சொத்து, ஓட்டுகிறவன் வாடகைக்காரன். வட்டிக்குப் பயந்து இஜாரா முறைக்குப் போகிறவர்களும் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும், லொறி நிற்கும் மாதத்தில் தவணைக்கு என்ன நடக்கும் என்று.

"லொறியை நாங்களே தருகிறோம், எங்களுக்கே ஓடிக் கடனைக் கழியுங்கள்" என்ற பேச்சு வந்தால் இன்னும் கவனம். கலிபோர்னியாவின் துறைமுகங்களில் இதைத்தான் செய்தார்கள். யூ.எஸ்.ஏ. டுடே பத்திரிகை 2017இல் அதை வெளிக்கொண்டு வந்தது: இரவு பகலாக ஓடியும், தவணையும் டீசலும் கழித்த பிறகு கையில் ஒன்றுமில்லாமல் வீடு போன சாரதிகள், வேலையை விட்டால் லொறியும் போய், கட்டிய காசும் போயிற்று.

என்னிடம் கேட்டால், 25 வயதுப் பொடியன் கடிதம் கொடுக்கிற கம்பனியில் ஐந்து வருடம் ஓட்டட்டும். கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருக்கட்டும், 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்க வேண்டாம். அந்த ஐந்து வருடத்தில் சேர்த்த காசில் பாதி விலையையாவது முதலில் கட்ட முடிந்தால் பிறகு சொந்த லொறியை யோசிக்கலாம். ஐம்பதை நெருங்கியவர், பிள்ளைகள் படிக்கிற வயதில் உள்ளவர், ஊரிலேயே ஓடுவதில் தப்பில்லை, முதலாளி சட்டப்படி நடந்தால்.

அந்த முதலாளிமாரில் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள். ஒரு லொறியும் ஒரு சாரதியும் வைத்திருப்பவருக்கும் ஈ.பி.எப்., ஈ.ரி.எப். கடமைதான், அதற்குப் பெரிய கம்பனியாக இருக்கத் தேவையில்லை. 30,000 சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. சாரதி போய்விட்டான் என்று குறைப்படுகிறவர்கள், லொறிக்குக் கடைசியாக டயர் மாற்றிய பில்லை எடுத்து இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.