மோன் பிளாங்கைச் சுற்றி 11 நாள் நடை: ஃபிளைட் டிக்கெட்டுக்கு முன்னாடி எதைப் பிடிக்கணும்?

ஐரோப்பா டூர் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது ஃபிளைட் டிக்கெட். ‘தங்கும் இடம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதுதான் வழக்கம். ஆனால், ஒரு பயணத்துக்கு மட்டும் இந்த வரிசை அப்படியே தலைகீழ். ஆல்ப்ஸ் மலையில், மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றிச் செல்லும் ‘டூர் து மோன் பிளாங்’ நடைபாதையில் ஜூலை மாத இரவுக்கான படுக்கைகள், முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே புக் ஆகத் தொடங்கிவிடுகின்றன.

இங்கே பேசுவது ஹோட்டல் படுக்கை அல்ல. 2,000 மீட்டர் உயரத்தில், பெரிய அறையில் வரிசையாகப் போட்டிருக்கும் பங்க் படுக்கை. அதில் ஓர் இரவு கிடைக்காவிட்டால்கூட 11 நாள் திட்டமும் குலைந்துபோகலாம். கிடைத்துவிட்டால் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அது என்ன பாதை?

மோன் பிளாங் மேற்கு ஐரோப்பாவின் மிக உயரமான சிகரம். சுமார் 4,806 மீட்டர். உச்சியில் உள்ள பனிக்கவசம் கூடிக் குறைவதால், அளக்கும்போதெல்லாம் எண் கொஞ்சம் மாறும். 1760-ல் ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஒராஸ் பெனடிக்ட் து சோசூர், இதன் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 அன்று ழாக் பல்மா, மிஷெல் பக்கார் என்ற இருவர் உச்சியைத் தொட்டார்கள். அதற்கு முன்பே, 1767-ல், சோசூர் இந்த மலைத்தொகுதியை முழுவதுமாகச் சுற்றி வந்திருந்தார். இன்றைய நடைபாதைக்கு அதுதான் முன்னோடி.

இந்தப் பாதை உச்சிக்குப் போகாது. கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாக மலையை வலம் வந்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். நீளம் சுமார் 170 கி.மீ. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர். பெரும்பாலானோர் 10 அல்லது 11 நாட்களில் முடிக்கிறார்கள்.

முக்கியப் பாதையின் மிக உயரமான இடம் இத்தாலி – சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாய், 2,537 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். ஆக, உயரம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. தினமும் ஏறி இறங்குவதுதான் ஆளை அசத்தும்.

11 நாளில் என்ன வரும்?

வழக்கமாக பிரான்ஸின் ஷமோனி பள்ளத்தாக்கில் உள்ள லே ஊஷ் என்ற ஊரில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடப்பார்கள். ஒரு சராசரித் திட்டம் இப்படி இருக்கும்:

நாள் 1: லே ஊஷ் – லே கோன்டமின்
நாள் 2: லே கோன்டமின் – லே ஷாப்யூ
நாள் 3: லே ஷாப்யூ – எலிசபெட்டா குடில் (இங்கே இத்தாலி)
நாள் 4: எலிசபெட்டா – கூர்மயோர்
நாள் 5: கூர்மயோர் – பொனாட்டி குடில்
நாள் 6: பொனாட்டி – லா ஃபூலி (இங்கே சுவிட்சர்லாந்து)
நாள் 7: லா ஃபூலி – ஷாம்பே
நாள் 8: ஷாம்பே – த்ரியான்
நாள் 9: த்ரியான் – த்ரே லெ ஷான் (மீண்டும் பிரான்ஸ்)
நாள் 10: த்ரே லெ ஷான் – லா ஃப்ளெஜேர்
நாள் 11: லா ஃப்ளெஜேர் – லே ஊஷ்

10-ம் நாளில் பாறையில் பதித்த இரும்பு ஏணிகள் வரும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள் பயப்பட வேண்டாம். ஏணிகளைத் தவிர்த்துச் செல்ல மாற்றுப் பாதை இருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கணும்?

மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன எளிய கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

170 கி.மீ.க்கு 34 மணி நேரம். 10,000 மீட்டர் ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம். மொத்தம் 51 மணி நேரம். 11 நாளுக்குப் பிரித்தால் தினமும் நாலரை மணி நேரத்துக்கு மேல். ‘அவ்ளோதானா?’ என்று தோன்றும். ஆனால் இதில் ஓய்வு இல்லை, சாப்பாடு இல்லை, போட்டோ இல்லை, முழங்காலைப் பதம் பார்க்கும் இறக்கமும் இல்லை. முதுகில் 8 கிலோ பையுடன் நடக்கும் சாதாரண ஆளுக்கு இது 6 முதல் 8 மணி நேரம் ஆகும். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளும் தூரத்தைவிட நடை நேரத்தைத்தான் காட்டும். அதிலும் ஓய்வு நேரம் சேராது.

ஒரு நாள் ஏற்றம் சராசரியாக 900 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 300 மாடி. அதை அடுத்தடுத்த நாட்களிலும் செய்யணும். எனவே, மூன்று மாதம் முன்பே அபார்ட்மென்ட் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்கிப் பழகுவது, டிரெட்மில்லில் ஓடுவதைவிடப் பயன் தரும். ஏறுவதைப் போலவே இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். புது ஷூவை அங்கே போய்த்தான் முதலில் போடுவேன் என்று மட்டும் இருக்கக் கூடாது.

எப்போது போகலாம்?

குடில்கள் பொதுவாக ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை திறந்திருக்கும். ஜூனில் உயரமான கணவாய்களில் பழைய பனி மிச்சமிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பாதை தெளிவாக இருக்கும், கூட்டமும் அதிகம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில், 2003 முதல் நடக்கும் ‘யூடிஎம்பி’ மலை ஓட்டப் போட்டிக்காக ஷமோனியே நிரம்பி வழியும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. கூட்டம் குறைந்து, பனியும் இல்லாத காலம் செப்டம்பரின் முதல் பாதி. ஆனால் பகல் நேரம் குறைவு, இரவு குளிர் அதிகம்.

படுக்கை புக் செய்வது எப்படி?

பாதையில் உள்ள பல குடில்களை ஒரே இடத்தில் பார்த்து புக் செய்ய, இந்தப் பாதைக்கான அதிகாரப்பூர்வ இணையதளம் இருக்கிறது. எல்லாக் குடில்களும் அதில் இல்லை. சிலவற்றுக்கு நேரடியாக மெயில் அனுப்ப வேண்டும்.

ஒரு எளிய வழி: முதல் நாளிலிருந்து வரிசையாக புக் செய்யாதீர்கள். எங்கே மாற்று இடம் குறைவோ, அங்கே முதலில் பிடியுங்கள். எலிசபெட்டா, பொனாட்டி போன்ற குடில்களுக்கு அருகில் ஊர் கிடையாது. அங்கே இடம் கிடைக்கும் தேதியை வைத்து மற்ற நாட்களை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கூர்மயோர், ஷாம்பே போன்ற ஊர்களில் ஹோட்டல், விடுதி எனப் பல வழிகள் உண்டு. அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

‘இடம் இல்லாவிட்டால் டென்ட் போட்டுக்கலாமே?’ என்று கேட்கலாம். மூன்று நாட்டிலும் விதிகள் வேறு வேறு. நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட முகாம் இடங்கள் எவை என்று முன்பே பார்க்க வேண்டும்.

விசா எந்த நாட்டுக்கு?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குழம்பும் இடம் இது. மூன்று நாடுகளுமே ஷெங்கன் பகுதி, ஒரே விசா போதும். பலரும் ஜெனீவாவில் இறங்குவதால் சுவிட்சர்லாந்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார்கள். ஆனால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே விதி. மேலே உள்ள திட்டத்தில் இத்தாலியில் 3 இரவு, சுவிட்சர்லாந்தில் 3 இரவு, பிரான்ஸில் 4 இரவு. நடைக்கு முன்னும் பின்னும் ஷமோனியில் தங்குவதையும் சேர்த்தால், விண்ணப்பிக்க வேண்டியது பிரான்ஸுக்கு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். குடில்களோ அதற்கும் முன்பே நிரம்பத் தொடங்கும். அதாவது, விசா கிடைக்குமா என்று தெரியாமலே முன்பணம் கட்ட வேண்டிய நிலை. எனவே, ஒவ்வொரு குடிலிலும் எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பதை ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். விசா கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு மலை நடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் உள்ளடக்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் மலை மீட்பு பொதுவாக இலவசம். சுவிட்சர்லாந்தில் பில் வரும்.

குடிலில் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் ‘ஹாஃப் போர்டு’ முறை. படுக்கை, இரவு உணவு, காலை உணவு மூன்றும் சேர்ந்தது. ஒரு ஆளுக்குத் தோராயமாக 60 முதல் 90 யூரோ. சுவிட்சர்லாந்துப் பகுதியில் இன்னும் கொஞ்சம் கூடும். சில இடங்களில் கார்டு செல்லாது என்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

இரவு உணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் 7 மணிக்கு. நீண்ட மேஜையில் யார் என்றே தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சூப், ஒரு முக்கிய உணவு, கொஞ்சம் இனிப்பு. மெனு கார்டு கிடையாது. சைவம் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் சீஸும்தான்.

ஷூவை வாசலிலேயே கழற்ற வேண்டும். போர்வை தருவார்கள், ஆனால் அதற்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய உறைத்துணியை நாம் கொண்டுபோக வேண்டும். வெந்நீர்க் குளியலுக்குச் சில இடங்களில் டோக்கன், சில நிமிடம்தான் தண்ணீர் வரும். 10 மணிக்கு விளக்கு அணைந்துவிடும். பக்கத்துப் படுக்கைக் குறட்டைக்கு ஒரே மருந்து காதடைப்பான்.

பையில் என்ன இருக்கணும்?

குடிலிலேயே சாப்பாடும் படுக்கையும் கிடைப்பதால் பையை 7, 8 கிலோவுக்குள் முடிக்கலாம். மழைக்கோட்டு, கதகதப்பான மேலாடை, மாற்று உடை ஒரு செட், தொப்பி, கையுறை, சன் ஸ்கிரீன், தலை விளக்கு, முதலுதவிப் பொருட்கள், ஊன்றுகோல், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு விசில். போனில் ஆஃப்லைன் மேப், கூடவே பவர் பேங்க். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று எடுத்துவைக்கும் ஒவ்வொன்றையும் 300 மாடி தூக்கணும் என்பதை நினைத்தால், பை தானாக இளைத்துவிடும்.

படுக்கை புக் ஆனதே ஆபத்தா?

முதலில் சொன்ன அந்தச் சிக்கல் இதுதான். ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடத்தில் காசு கட்டி புக் செய்தாகிவிட்டது. 5-ம் நாள் காலை இடி மின்னல் எச்சரிக்கை வருகிறது. ‘இன்னிக்கு அங்கே போகலன்னா காசும் போச்சு, அடுத்த நாள் புக்கிங்கும் போச்சு’ என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கோடு கணவாய் ஏறுவதுதான் ஆபத்து. முகட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது.

இதற்கான தீர்வை வீட்டில் இருக்கும்போதே போட்டுவிடலாம். முதல் வழி, கூர்மயோரில் கூடுதலாக ஒரு நாள் வைப்பது. கால் வலியோ மழையோ எதற்கும் அது உதவும். இரண்டாவது, பஸ் தப்பிப்பு வழிகளைக் குறித்து வைப்பது. கூர்மயோரிலிருந்து 11.6 கி.மீ. நீள மோன் பிளாங் சுரங்கப்பாதை வழியாக ஷமோனிக்கு பஸ் இருக்கிறது. லே கோன்டமின், லா ஃபூலி, ஷாம்பே ஆகிய ஊர்களிலும் பஸ் பிடிக்கலாம். ஒரு கணவாயை விட்டுவிட்டு, பஸ்ஸில் சுற்றிப் போய் அடுத்த நாள் திட்டத்தில் சேர்ந்துகொள்வது தோல்வி இல்லை.

கோடையில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். காலை 7 மணிக்கே கிளம்பி, மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிடுவது இங்கே பழக்கம். முந்தைய இரவு குடில் பொறுப்பாளரிடம் ‘நாளைக்கு எப்படி?’ என்று ஒரு வார்த்தை கேட்டால், எந்த ஆப்பும் சொல்லாததைச் சொல்வார்.

வர முடியவில்லை என்றால் அடுத்த குடிலுக்கு போன் செய்து சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று தேடத் தொடங்கிவிடலாம். அவசர எண் மூன்று நாட்டிலும் 112. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 6 முறை விசில் அல்லது விளக்கு, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. ஆல்ப்ஸில் உதவி கேட்கும் முறை இது.

ஆக, வரிசை இதுதான்: முதலில் படுக்கை, பிறகு விசா, அதன் பிறகே ஃபிளைட். அத்தனையும் கச்சிதமாகப் போட்ட பிறகு, மலையில் ஒரு நாள் காலை அதில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால், ஒரு படுக்கைக் காசுதான் நஷ்டம். மலை அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.