எத்தனையாவது கிராஸ்?

பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் 'மல்லேஸ்வரம்' என்று மட்டும் சொன்னால் போதாது. "எஷ்டனே கிராஸ்?" என்று உடனே கேட்பார். ஓட்டுநர் தமிழராக இருந்தால் "எத்தனையாவது கிராஸ் சார்?" என்பார். மொழி மாறினாலும் கிராஸ் மாறாது. சிலுவை, குறுக்கே கடப்பது, கலப்பினம், கோபம் என்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எத்தனையோ பொருள். பெங்களூர்க்காரருக்கு அது முதலில் ஒரு தெரு.

கணக்கு எளிது. ஒரு பகுதியில் நீளவாக்கில் ஓடும் சாலைகள் மெயின். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்பவை கிராஸ். இரண்டுக்கும் வரிசை எண் உண்டு. 'மூன்றாவது மெயின், ஏழாவது கிராஸ்' என்று சொன்னாலே ஒரு தெருமுனை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கன்னடப் பெயர்ப்பலகைகளில் 'முக்ய ரஸ்தே', 'அட்ட ரஸ்தே' என்று எழுதியிருப்பார்கள். சென்னையில் இதே வகைத் தெருவுக்குக் குறுக்குத் தெரு என்று பெயர். ஆனால் சென்னைவாசி யாரும் வெறும் எண்ணைச் சொல்லிக் கடைக்குப் போவதில்லை. மல்லேஸ்வரத்தில் போகிறார்கள்.

அங்கே தெற்கில் ஒன்றாவது கிராஸ். வடக்கே நடக்க நடக்க எண் ஏறும். சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் நீளவாக்கில் கூடவே வரும். 'எட்டாவது கிராஸ்' என்றால் பூ, காய்கறி, வளையல் என்று பண்டிகைக்கு முந்தைய நாள் கால் வைக்க இடமில்லாத கடைத்தெரு. வெண்ணெய் தோசைக்குப் பெயர் போன சி.டி.ஆர். இருப்பது மார்கோசா ரோட்டில், ஏழாவது கிராஸ் அருகே. இட்லிக்கு வீணா ஸ்டோர்ஸ், பதினைந்தாவது கிராஸ். இந்தப் பேட்டைக்கே பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலும் அந்தப் பக்கம்தான். 1669-இல் அந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தை மானியமாக விட்டவர் சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன் வெங்கோஜி. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய ஏகோஜி அவரேதான்.

தெருவுக்கு எண் வைக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் பழையது அல்ல. பழைய பேட்டைப் பகுதியில் தொழிலும் சமூகமுமே தெருப்பெயர். அரிசி விற்ற இடம் அக்கிபேட்டை, பஞ்சு விற்ற இடம் அரளேபேட்டை, திகளர்கள் வாழ்ந்த இடம் திகளரபேட்டை. வெள்ளைக்காரர்களின் தண்டுப் பகுதியில் (கண்டோன்மென்ட்) படைப்பிரிவுகளே பெயராயின: இன்ஃபன்ட்ரி ரோடு, பிரிகேட் ரோடு, கேவல்ரி ரோடு. அந்தக் கேவல்ரி ரோடுதான் இன்று காமராஜ் ரோடு. எண்கள் வந்தது 1890-களில் உருவான மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற விரிவாக்கங்களோடு. 1898-இல் பிளேக் வந்து பேட்டையின் நெரிசலான சந்துகளில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். காற்றும் வெளிச்சமும் புகும் அகலமான நேர்த்தெருக்கள், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்று தனிச் சந்து என்ற அமைப்புக்கு மவுசு கூடியது அதற்குப் பிறகுதான். நேர்க்கோட்டில் தெரு போட்டால் எண் கொடுப்பது சுலபம். கிராஸ் என்ற சொல் இங்கே நிலைத்ததில் அந்தக் கொள்ளை நோய்க்கும் பங்கு உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் வேகமாகப் பெருத்தது. 1948-இல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி ஜெயநகருக்கு அடிக்கல் நாட்டினார். ராஜாஜிநகர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிக்கலும் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒவ்வொரு லேஅவுட்டும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். ஜெயநகரில் பிளாக், ஜே.பி. நகரில் ஃபேஸ், இந்திரா நகரில் ஸ்டேஜ், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் செக்டார். இந்தச் சொல் முகவரியில் விடுபட்டால் 'ஐந்தாவது கிராஸ்' ஊர் முழுக்க இருக்கும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே பிறகு ஒரு தெரு முளைத்தால் அது '7 ஏ கிராஸ்'. ஆனாலும் ஊருக்குப் புதிதாக வருபவருக்கு இந்த எண்முறை பேருதவிதான். பன்னிரண்டாவது கிராஸில் நிற்பவர், ஒன்பதாவது கிராஸுக்கு இன்னும் மூன்று தெரு என்பதை யாரையும் கேட்காமலே அறிந்துகொள்ளலாம். தலைவர்கள் பெயர் வைத்த தெருக்களில் அந்த வசதி கிடையாது.

நகர எல்லையில், நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால், கிராஸ் என்பதற்குப் பொருளே வேறு. பஸ் கண்டக்டர் 'பாகலூர் கிராஸ்' என்று கத்தினால் பாகலூர் வந்துவிட்டது என்று இறங்கிவிடக் கூடாது. எலஹங்காவில் பாகலூருக்குச் சாலை பிரியும் இடம் அது. ஊர் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கூட்ரோடு, கொங்குப் பக்கம் பிரிவு, தெற்கே விலக்கு என்று சொல்கிறோமே, அதேதான். ஓசூர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேறொரு பாகலூர் உண்டு. துமகூரு சாலையிலுள்ள ஜாலஹள்ளி கிராஸில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. பெயர் வெறும் 'ஜாலஹள்ளி'. அதை நம்பி இறங்குபவர் உள்ளூருக்கு மறுபடி ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்தப் பலகையில் 'கிராஸ்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கலாம்.

தெருவையும் சாலையையும் விட்டு வெளியே வந்தாலும் இந்தச் சொல் விடாது. கோர்ட்டில் வக்கீல் 'கிராஸ் பண்ணுவது' குறுக்கு விசாரணை. வங்கியில் 'கிராஸ் செக்' என்றால் மூலையில் இரண்டு கோடு போட்டது. பணம் கணக்கில்தான் ஏறும், கையில் வராது. தர்மபுரி வழியாகச் சேலம் போகும் ரயிலில் இதே சொல் 'கிராசிங்' ஆகிவிடும். அந்தத் தடத்தில் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ வண்டி அசையாமல் நின்றால், "கிராசிங்குக்குப் போட்டுட்டான்" என்று ஒருவர் சொல்வார். பெட்டியில் மற்றவர்கள் டீ வாங்க இறங்குவார்கள்.

மாட்டுச் சந்தையில் கிராஸுக்கு இன்னொரு வாழ்வு. வெளிநாட்டு இனத்தோடு கலந்து பிறந்ததைக் 'கிராஸ் மாடு' என்கிறார்கள். இந்தக் கலப்பின வேலை பெரிய அளவில் நடந்த இடங்களில் பெங்களூரின் ஆடுகோடியும் ஒன்று. 1923-இல் அங்கே கால்நடை, பால்பண்ணைக்கான இம்பீரியல் நிறுவனம் தொடங்கியது. 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, அங்கே போய் மாடு வளர்ப்பைப் பாடமாகவே கேட்டுக்கொண்டார். அயர்ஷையரும் ஹரியானா இனமும் கலந்த 'ஜில்' என்ற பசு அப்போது பால் கறவைக்குப் பெயர் பெற்றிருந்தது. 1955-இல் நிறுவனத்தின் தலைமையகம் கர்னாலுக்குப் போனது. இப்போது ஆடுகோடியில் இருப்பது, அதன் இன்றைய வடிவமான தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம். ஆனேக்கல், ஓசூர், கோலார் பக்கத்துக் கொட்டகைகளில் இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை எச்.எஃப். கிராஸ், ஜெர்சி கிராஸ். வாங்க வருபவர் பல்லையும் மடியையும் பார்த்துவிட்டுக் கேட்பது, ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர் என்று.