கம்பி போடுவதற்கு முன்

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு முன்பல் மிதந்து வளர்ந்தால் கம்பி போடலாமா? புளியங்கூடல் பெற்றோர் இப்படிக் கேட்டால் போடலாம் என்றே சொல்வோம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அல்ல, உடனேயும் அல்ல.

லியோ கனர் என்ற வைத்தியர் 1943இல் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். அதன்பின் தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது. அது பிழை. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. இடம்பெயர்ந்து கொட்டில்களில் பிள்ளை வளர்த்த தாய்மார் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்பிள்ளைகளில் பலருக்கு வெளிச்சமும் இரைச்சலும் வாயினுள் பிறர் கைபடுவதும் தாங்கமுடியாதவை. கம்பியோ ஏறக்குறைய 2 வருடம் வாயில் இருக்கும். 4 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டவேண்டும். வேலணை கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் போய்விடும். நடுகைக் காலத்தில் அது ஒரு நாட்கூலி. பல்லுப் பிடுங்குவதையும் அடைப்பதையும் பெரிய ஆஸ்பத்திரிகளில் மயக்கமருந்து கொடுத்துச் செய்யலாம். கம்பியோடு பிள்ளை விழித்திருந்தே வாழவேண்டும். அதற்குள் சோறு அடையும். துலக்காவிட்டால் பல் சூத்தையாகும்.

ஆகவே முதலில் துலக்கப் பழக்குங்கள். பிள்ளையின் பின்னால் நின்று, பத்துவரை எண்ணி நிறுத்துங்கள். பத்தில் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை நம்பவேண்டும். அவசரத்திலும் பதினொன்று எண்ணவேண்டாம். 1959இல் அடெல்ஸ்டன் என்ற பல்வைத்தியர் எழுதிய வழியும் இதுபோன்றதே: முதலில் சொல், பிறகு காட்டு, கடைசியில் செய். கரண்டியும் டோர்ச்சும் கொண்டு வீட்டிலேயே பழக்கலாம். பரிசாக டொபி மட்டும் வேண்டாம்.

ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பாற்பல் என்று நினைத்துப் பலர் கவனிக்காது விடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. பாற்கடைவாய்ப்பல் சூத்தையால் முந்தி விழுந்தால் இந்தப் பல் முன்னுக்கு நகரும். பின்னர் வரும் பற்கள் இடமின்றிக் கோணும். கோணலில் ஒரு பங்கை இப்படித் தடுக்கலாம்.

பேசாத பிள்ளை சாப்பாட்டைத் தள்ளினாலோ, தலையை அடித்தாலோ, கையைக் கடித்தாலோ குழப்படி என்று எண்ணுமுன் வாயைப் பாருங்கள். பல்வலியாக இருக்கலாம்.

மிகவும் மிதந்த முன்பல் விழுந்தெழும்போது உடையக்கூடும். அத்தகைய பிள்ளையைப் பல்வைத்தியரிடம் காட்டுங்கள். சிலருக்குக் கழற்றிப் போடும் தகடே போதும். அழகுக்காக மட்டும் என்றால் பொறுக்கலாம். வளர்ந்தபின்னும் பல்லை நகர்த்த முடியும்.

போகுமுன் பிள்ளையின் நிலைமையைக் கிளினிக்கில் சொல்லி, முதல் ஆளாகக் கூப்பிடும்படி கேளுங்கள். கூச்சம் வேண்டாம். முதல் நாள் கதிரையில் இருந்து எழும்பி வந்தாலே போதும்.