மலை இறக்கத்தில் சோரும் பிரேக்

லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நெடுங்காலம் நின்ற பலகை இதைக் கூட்டியே சொன்னது. லே நகருக்கு வர, ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் 1,800 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மூன்று டன் வண்டி ஒன்று இப்படி இறங்கினால் 50 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படும். எஞ்சினும் காற்றுத் தடையும் தாங்காத பங்கு பிரேக்கில் வெப்பமாகிறது. உச்சியில் காற்றின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைவு என்பதால் டிஸ்க் மெதுவாகவே ஆறும்.

இந்த வெப்பத்தால் பிரேக் சோர்வதில் இரண்டு வகை உண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடு பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. இதுவே அதிக ஆபத்து. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155தான்.

வெற்றிட பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பியது. உயரத்தில் அதன் உதவி குறைவதால் காலால் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். இது சோர்வு அல்ல.

பிரேக்கை மேம்படுத்துவதில் முதல் வேலை ஆயிலை மாற்றுவது. செலவும் அதற்கே குறைவு. அடுத்து வெப்பம் தாங்கும் பேடுகள், காற்றோட்ட டிஸ்க்குகள். எஃகு பின்னிய குழாய் பெடலை இறுக்கமாக்கும், சூட்டைக் குறைக்காது. பெரிய டயர் மாட்டியவர்களுக்குப் பிரேக்கின் சுமை கூடும். எதை மாட்டினாலும் இறக்கத்தில் தாழ்ந்த கியர் வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடலாம்.