வலிக்காமல் போகும் ரத்தம்

சிறுநீர் சிவந்து போனால் நம் வீடுகளில் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு'. இளநீர், ஊறவைத்த வெந்தயம் என்று இரண்டு நாள் போகும், நிறமும் தெளிந்துவிடும். தெளிந்ததாலேயே பலர் மருத்துவரிடம் போவதில்லை. எனக்குக் கவலை அதில்தான்.

சிவப்பெல்லாம் ரத்தம் இல்லை, உண்மைதான். பீட்ரூட் சாப்பிட்டிருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்தம்தானா என்பதை மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்களைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ரத்தம்தான் என்றால் அடுத்த கேள்வி காரணம். சிறுநீரகக் கல் என்றால் விலாவில் கிளம்பும் வலி தொடையிடுக்கு வரை இறங்கும். ஆளை ஓரிடத்தில் உட்கார விடாது. கிருமித்தொற்று என்றால் கடுப்பு, அடிக்கடி போகும் அவசரம், சிலருக்குக் காய்ச்சல்.

சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வீங்கினால் கதை வேறு. பால் சேர்க்காத டீயின் நிறத்தில் நுரையோடு போகும். காலையில் முகம் வீங்கியிருக்கும், ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வந்து ஓரிரு வாரத்திலோ, சிரங்கு சீழ்பிடித்துச் சில வாரங்களிலோ இது வரும். தொண்டைவலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே வந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயைச் சந்தேகிப்பார்கள். அதனால் எந்தத் தேதியில் என்ன வந்தது என்று அம்மா நினைவாகச் சொல்வது பெரிய உதவி. வடிகட்டி வழியே நெருக்கிப் பிதுங்கி வரும் சிவப்பணுக்கள் மைக்ரோஸ்கோப்பில் உருக்குலைந்து தெரியும். ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, கோளாறு பெரும்பாலும் வடிகட்டிக்குக் கீழே.

வலியே இல்லாமல், நடுவயது தாண்டியவருக்கு, அதிலும் பீடி சிகரெட் பிடிப்பவருக்கு ஒரே ஒரு முறை ரத்தம் போனாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை விடக் கூடாது. அந்தக் கட்டி விட்டு விட்டுத்தான் கசியும். 1895இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்றுநோயைக் கண்டு எழுதினார். அதற்குக் காரணமான அமைன் வகை ரசாயனங்கள் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பழியை அதன்மேல் போட்டுவிடுகிறார்கள். மாத்திரை கசிவைக் கூட்டலாம். கசியும் இடம் ஒன்று தனியாக இருக்கக்கூடும். வயிற்று ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் போதாது, சிறு கட்டிகள் அதில் தப்பிவிடும். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி வேண்டுமா என்று சிறுநீரியல் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உள்சவ்வோடு நிற்கும் கட்டியை, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிட முடியும்.